தேயிலைத் தூரில் பொற்காசு

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து அக்கா மகன் எனக்குக் கொயின் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தான். அக்கா காலைப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். "மாமா, போனை வைக்கிறதுக்கு முன்னாடி காசு எல்லாத்தையும் கிராமத்துல கட்டிரணும். மிச்சம் வச்சா விடியிறதுக்குள்ள எவனாவது தோண்டிட்டுப் போயிருவான்" என்றான்.

அவன் சொன்னது சரி. இஸ்ரேலின் மூன் அக்டிவ் நிறுவனம் உருவாக்கிய அந்த விளையாட்டில் சூதாட்ட இயந்திரம் போல மூன்று சக்கரங்கள் சுழலும். மூன்று சுத்தியல் விழுந்தால் அடுத்தவர் கிராமத்தை இடிக்கலாம். மூன்று பன்றி விழுந்தால் அவர் சேர்த்த காசைத் தோண்டி எடுக்கலாம். கட்டடமாகிவிட்ட காசைத் தோண்ட முடியாது. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் கைமாறும் யோசனைகளில் இப்படிக் கணக்கு அறிந்து சொன்னவை சில உண்டு. மணிக்கு 5 சுற்று வரும், 50க்கு மேல் சேராது, ஆகவே பத்து மணிநேரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் போதும் என்பது அதில் ஒன்று. ஒரு பிள்ளை அதை ஒழுங்காகப் பின்பற்றினால் போன் கையில் இருக்கும் நேரம் குறையும். எனக்குப் பிடித்த யோசனை அதுதான்.

விளையாட்டில் சேரும் அட்டைகளை மாற்றிக்கொள்வதிலும் நல்லது உண்டு. ஒரு தொகுதி நிறைய ஓர் அட்டை குறைந்தால் மேட்டு லயத்துப் பையன் தன்னிடம் இரண்டாவதாக இருப்பதை அனுப்பிவிடுகிறான். பதிலுக்கு என்ன என்று கேட்பதில்லை. வாய்ப்பேச்சை நம்பிச் சீட்டுப் பிடிக்கும் நம் பெண்களிடம் இருக்கும் நம்பிக்கை இது.

கோளாறு, ஓர் இழுப்புக்கு எத்தனை சுற்றுப் பந்தயம் வைப்பது என்பதைப் பற்றிய யோசனைகளில் தொடங்குகிறது. "பத்துத் தடவை சின்னதாகச் சுற்று, பன்றி வரப்போவதுபோல் தெரிந்ததும் பந்தயத்தை ஏற்று" என்கிறார்கள். யாரைத் தோண்டப்போகிறோம், அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரை காட்டும். பணக்காரர் வரும்போது ஏற்றுவதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் மூன்று பன்றி எப்போது விழும் என்பதைத் திரை காட்டுவதில்லை. ஏற்றினால் வரவும் செலவும் ஒரே அளவில்தான் பெருகும். பல மடங்கு வைத்தால், பத்து மணிநேரம் காத்துச் சேர்த்த 50 சுற்றும் சில இழுப்புகளில் தீர்ந்துபோகும். அந்த இடத்தில்தான் திரை கடையைத் திறந்து காட்டுகிறது. யோசனை சொன்னவர் தன் வெற்றியைப் படமெடுத்துப் போட்டிருப்பார். தீர்ந்துபோன சுற்றுகளைப் படமெடுத்துப் போட்டவரை நான் பார்க்கவில்லை. இலவசச் சுற்று தருகிறோம் என்று கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்பது யோசனையே அல்ல, திருட்டு.

கடையில் கொடுக்கும் காசு எங்கிருந்து வருகிறது? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவானது. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து மடுவத்தில் நிறுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். அப்படி வந்த காசை விளையாட்டுக்குள் போட்டுவிட்டால், அதில் எத்தனை கோடி ஜெயித்தாலும் ஒரு ரூபாயாகக்கூடத் திரும்ப எடுக்க முடியாது. திரும்ப எடுக்க முடியாததால் சட்டம் பல நாடுகளில் இதைச் சூதாட்டம் என்று எண்ணுவதில்லை. ஜெர்மனியில் 2019இல் யான் பேமர்மான் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இது பிள்ளைகளைச் சூதுக்குப் பழக்குகிறது என்று சாடினார். இளையோர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு ஆராய்ந்துவிட்டு, தடைப்பட்டியலில் சேர்க்காமல் விட்டது. காசு திரும்பாது என்பதைச் சட்டம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். அரைப்பேர் வாங்கிய வீட்டில் அது ஆறுதல் இல்லை.

என்னை மிகவும் உறுத்துவது வேறு. எந்த யோசனையைத் திறந்தாலும் கடைசியில் ஓர் இணைப்பு இருக்கிறது: "இதால் சேருங்கள்." புதிதாக ஒருவர் சேர்ந்தால் அனுப்பியவருக்குச் சுற்றுகள் கிடைக்கும். ஆகவே யோசனை சொல்பவர் ஆள் சேர்ப்பவரும் ஆகிறார். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் நம் முன்னோரைக் கப்பலேற்றினார்கள் என்பது மலையகத்தில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. அப்படி ஆள் சேர்த்த பெரிய கங்காணிக்கு ஆள் கணக்கில் காசு கிடைத்தது. அந்தக் கொடுமையையும் ஒரு போன் விளையாட்டையும் நான் சமமாக வைக்கவில்லை. பெற்ற கடனுக்காகத் துண்டுச்சீட்டில் கட்டுண்டவர்களின் துயரம் தனி. ஆனால் தோண்டு, கிடைக்கும் என்ற அந்தச் சொல்லும், சொல்பவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கிடைப்பதும் மறுபடி நம் இஸ்தோப்புக்கு வந்திருப்பதை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாம் அனுப்புவதும் முன்பின் தெரியாதவர்களுக்கு அல்ல, பக்கத்துக் காம்பராவுக்கு.

அக்கா மகன் கையிலிருந்த போன் 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது கடனுக்கு வாங்கியது. பாடம் வந்துசேர ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலைக்கு ஏறினார்கள். அன்று காலை அவன் தங்கச்சிக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பழைய வினாத்தாள் ஒன்று தேவைப்பட்டது; அந்தக் குழுவில் இருக்கும் என்றான். தேடினோம். நேற்றைய சுற்று இணைப்பு, முந்தாநாள் இணைப்பு, அட்டை வேண்டும், இதால் சேருங்கள், மறுபடி இணைப்பு. வினாத்தாளைக் கண்டுபிடிப்பதற்குள் அக்கா மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கியிருந்தார்.