தாவும் இடமும் தங்கும் இடமும்

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையைக் காட்டில் விட்டார்கள். அருந்ததியர் குடும்பம் எடுத்து வளர்த்தது. வளர்ந்தவன் பொம்மியைக் கொண்டுபோனான், மதுரையில் வெள்ளையம்மாளிடம் மனத்தைக் கொடுத்தான், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். மதுரைவீரன் கதை இவ்வளவுதான். மலேசியாவின் ஜோகூரில் குளுவாங், ரெங்கம், லாபிஸ் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் வீரன் காவலுக்கு நிற்கிறார். அவருக்குப் பூசை என்றால் சுருட்டும் சேவலும் வரும். உடுக்கையோடு இந்தக் கதையும் வரும். கூட்டத்தில் கதை தெரியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். அப்புறம் எதற்காக உட்கார்ந்து கேட்கிறார்கள்?

கதை தெரிந்தவர்களுக்காகத்தான் கதைப்பாட்டு. முடிவை அறிந்த காதுக்குத்தான் பாடுகிறவர் எதைத் தாண்டிப் போனார், எங்கே உட்கார்ந்துவிட்டார் என்பது கேட்கும். திருச்சியிலிருந்து மதுரைக்கு வீரன் வந்து சேர ஒரே அடி போதும். அழகர்மலைக் கள்ளரை அடக்க நாலைந்து அடி. ஆனால் வெட்டுப்பட்டுக் கிடக்கும் வீரனிடம் வெள்ளையம்மாள் வந்ததும் பாட்டு நகர மறுக்கும். சொன்ன அடியே ஒரு சொல் மட்டும் மாறித் திரும்ப வரும். உடுக்கையின் கயிற்றை விரல்கள் அழுத்தி விடுவிக்க, சுருதி ஏறி இறங்கித் தேம்பும். கதை ஓர் அங்குலம்கூட நகராத அந்த நேரத்தில்தான் கேட்பவர் கண் கலங்குகிறது.

நல்லதங்காள் கதையிலும் இதே சூட்சுமம். பஞ்சம், பிறந்தகப் பயணம், அண்ணி மூளி அலங்காரியின் விரட்டல் எல்லாம் வேகமாகக் கடந்துவிடும். கிணற்றடிக்கு வந்தபின், உள்ளே தள்ள ஏழு பிள்ளைகள், ஏழு முறை. அடுத்தது என்ன என்று தெரிந்தே கேட்கவேண்டிய கொடுமை அது. மூத்தவன் தப்பியோடிக் கெஞ்சும்போது, ஆறு முறையும் ஒரே மெட்டில் வந்த அடிகள் சட்டென்று தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் முந்தைய ஆறு முறையும் பொறுமையாகப் பாடப்பட்டன. ஆங்கில நாட்டுக் கதைப்பாடல்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் கம்மியர் தாவுவதும் தங்குவதுமே அவற்றின் இயல்பு என்று 1907இல் எழுதினார். உடுக்கைக்காரர்கள் அவரைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இருந்ததில்லை.

இந்தக் கலை கடல் தாண்டி வந்தபோது ஒரு மாறுதல் நடந்தது. தமிழ்நாட்டு வயலில் நாற்று நடும் பாட்டு கூட்டத்தின் பாட்டு. ஒருத்தி எடுத்துக்கொடுக்க, வரிசையாகக் குனிந்திருக்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ரப்பர் காட்டில் அதற்கு வழியில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்தபின், ஆளுக்கொரு நிரை. ஒரு நிரையில் 400, 500 மரம். அடுத்த ஆள் எங்கோ தொலைவில். கத்தி பட்டையில் இறங்கும் ஓசையும் மங்கு என்னும் கிண்ணத்தில் பால் சொட்டுவதும் தவிரத் துணைக்கு ஒன்றுமில்லை. இந்தத் தனிமையில் பிறந்த பாட்டில் வீரனுக்கும் நல்லதங்காளுக்கும் இடமில்லை. அங்கே கதையின் தலைவன் ‘நான்’. ஆள் சேர்க்கும் கங்காணி சொல்லை நம்பி வந்த நான், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நான், இந்த மரத்தடியில் நிற்கும் நான்.

ஆள் மாறினாலும் சொல்லும் முறை மாறவில்லை. இப்பாட்டுகள் பெரும்பாலும் தெம்மாங்கு போல இரண்டிரண்டு அடிகளாக நடப்பவை. ஒரு கண்ணியில் கங்காணி ஊர்த் திண்ணையில் வாக்குக் கொடுப்பார்; அடுத்த கண்ணியில் இருட்டில் பெரட்டு மணி அடிக்கும். நடுவில் கடல் வராது. பல நாள் பயணமும் பினாங்கில் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமும் அந்த இடைவெளிக்குள் விழுந்து மறைந்துவிடும். லயத்தின் வரிசை வீடுகளில் உட்கார்ந்து கேட்பவர்கள் எல்லாரும் அதே கப்பலில் வந்தவர்கள்தானே, எதற்குச் சொல்ல வேண்டும்? பாட்டு தங்குவது சின்னச் சாமான்களில்: மங்கு, வாளி, ஒட்டுப்பால், கிராணியின் கணக்குப் புத்தகம். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் நின்றுபோனது. வந்த கதையைச் சொல்லும் பாட்டுகள் அதற்குப் பிறகும் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடின.

சயாம் ரயில் பாட்டுகளில் தாவல் வேறு விதமாகிறது. 1942 ஜனவரி இறுதியில் ஜோகூர் முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் தோட்டங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொன்னார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். லயத்தில் தங்கிவிட்ட பெண்ணுக்கு லாரியும் ரயிலும் புறப்பட்டதுவரைதான் கதை. அவளுடைய ஒப்பாரி புறப்பாட்டிலேயே சுற்றிச்சுற்றி நிற்கும், பிறகு ஒரே தாவாகத் தாலி அறுந்த நாளுக்கு வந்துவிடும். மதுரைவீரன் பாட்டின் தாவல் பாடகர் தெரிந்தே விட்ட இடம். இவளுக்கோ தெரியாமல் விடுபட்ட இடம். எந்தக் காட்டில், எந்தப் பாலத்தடியில் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய மரபின் ஓர் உத்தி வாழ்க்கையின் கையில் சிக்கி இவ்வளவு கூர்மை பெற்ற இடத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அண்டை வீட்டுக் கலையையும் கேட்டால் நம்முடையது இன்னும் நன்றாக விளங்கும். ஜோகூர் மலாய்க்காரர்களின் கசல் இசையில் ஆர்மோனியமும் தபலாவும் கம்புஸ் என்னும் நரம்புக் கருவியோடு கூடி ஒலிக்கின்றன. கருவிகளில் பாதி இந்தியா, சொல் முழுவதும் மலாய். அதில் பாடப்படும் பந்துன் செய்யுளுக்கு நான்கு அடிகள். முதல் இரண்டில் ஒரு காட்சி, பின் இரண்டில் மனத்தில் உள்ளது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு கேட்பவருடையது. தோட்டத் தெம்மாங்கின் கண்ணிகளுக்கும் இதற்கும் உறவு சொல்ல என்னிடம் சான்றில்லை. ஆனால் இரண்டிலும் கேட்பவருக்கு வேலை உண்டு, அந்த வேலையில்தான் இன்பமும்.

சினிமா அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ வந்தபின், தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் பார்த்தவர்களுக்கு வீரன் முகம் நிலையாகிவிட்டது. கண்ணதாசன் வசனமும் ஜி. ராமநாதன் இசையும் அருமைதான். ஆனால் பாட்டு தாவிய பள்ளங்களையெல்லாம் படம் காட்சிகளால் நிரவிவிட்டது. பள்ளம் இல்லாத தரையில் தாவுவதற்கு ஒன்றுமில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் என்று நகர்ந்தன. கோயிலோடு பாட்டும் நகர்ந்தது, இப்போது உறுமிமேளக் குழுக்களின் கையில். தைப்பூசக் காவடிக்கு முன்னால் அந்த இளைஞர்கள் கொட்டும் வேகம் உடம்பைத் தூக்கிப்போடுகிறது. உறுமியின் தோலில் வளைந்த குச்சி உரசி எழும் முனகல் வேறெந்தக் கருவிக்கும் வாய்க்காதது. குறையும் உண்டு. முனீஸ்வரனையும் வீரனையும் பெயர் சொல்லி அழைப்பதிலேயே பாட்டு முடிந்துவிடுகிறது. தாவல் மட்டும் மிஞ்சி, தங்கல் போய்விட்டது. கதை சொல்லும் பொறுமை வேறு திசையில் போயிருக்கலாம்: 2006இல் யோகி பி குழுவின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வந்தபின் மலேசியத் தமிழ்ப் பையன்கள் சொல்லிசையில் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். அங்கேயும் தலைவன் ‘நான்’தான்.

இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்ததால் சொற்கள் பிழைத்தன. தமிழ்நாட்டில் நா. வானமாமலை முத்துப்பட்டன், கட்டபொம்மன் கதைப்பாடல்களைப் பதிப்பித்ததும் அதே அளவு பெரிய வேலை. அச்சில் தாவல் தெரியும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில். தங்கல் தெரியாது. ஒரு வரியை எத்தனை முறை பாடினாள், எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே கேட்டவர்கள் ‘உம்’ கொட்டினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜோகூரில் பால்வெட்டின பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாட்டை மட்டும் கேட்டுப் பதிந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. முழுக்கப் பாடச் சொல்லி, அவர்கள் நிறுத்துகிறவரை உட்கார வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வரியைத் தவறு என்று வெட்டிவிடாமல் இருந்தால், கலையில் பாதி கைக்கு வந்துவிடும்.