எரிந்த நகரத்தில் எரியாத வளைவுகள்

கால் நூற்றாண்டுக்குள் இருமுறை எரிந்த நகரம் தோக்கியோ. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி, வீடுகளில் மதியச் சமையலுக்கு அடுப்பு மூட்டியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. அதிர்ச்சியில் பிழைத்ததைத் தீ கொண்டுபோயிற்று. மீண்டும் கட்டி எழுப்பியதை 1945இன் எரிகுண்டுகள் பொசுக்கின. அதனால் பழைய தோக்கியோவைக் கட்டடங்களில் தேடுகிறவருக்கு அதிகம் அகப்படாது. ஆனால் தெரு திரும்பும் விதத்தில், கடை பார்த்திருக்கும் திசையில், வாசல் தெளிக்கும் வழக்கத்தில் அது பத்திரமாக இருக்கிறது. இந்த நகரத்து முகவரிகளில் பெரும்பாலும் தெருப்பெயரே இராது. பேட்டைப் பெயரும் சில எண்களும்தான். எனவே தோக்கியோவைப் பேட்டை பேட்டையாகத்தான் ரசிக்க வேண்டும். எனக்குப் பிடித்த நான்கைச் சொல்கிறேன்.

முதலில் யானகா. இரண்டு பேரழிவிலும் பெருமளவு தப்பிய அபூர்வமான இடம் இது. 1657இல், அன்று எடோ என்று அழைக்கப்பட்ட இந்த நகரைப் பெருந்தீ விழுங்கிய பிறகு பல கோயில்கள் இந்த மேட்டுக்கு இடம் பெயர்ந்தன. இன்றும் எழுபது கோயில்கள் வரை இருக்கின்றன. கன்னோன்ஜி கோயிலின் மதில் அருகே போய் நின்று பாருங்கள். மண் ஒரு வரி, கூரை ஓடு ஒரு வரி என்று மாற்றி மாற்றி அடுக்கி, தலையில் ஓட்டுக் கூரையும் வேய்ந்திருக்கிறார்கள். ஓட்டின் சாம்பல் நிற விளிம்பு மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கிறது. ஒரு சுவருக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்கத் தோன்றும். மண்ணை இறுக்கிப் பிடிக்கத்தான் அந்த ஓடு. அழகு அந்த வேலையோடு கூடவே வந்தது.

யானகாவின் மேற்கு ஓரத்தில் ஒரு சந்து இருக்கிறது. பாம்புத் தெரு என்று பொருள்படும்படி ஹெபிமிச்சி என்பார்கள். பத்தடி நடந்தால் ஒரு திருப்பம், இன்னும் பத்தடியில் எதிர்ப்பக்கமாக ஒரு திருப்பம். மனிதர்கள் போட்ட தெரு இப்படி வளையாது, வளைத்தது தண்ணீர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இங்கே அய்சோமே என்ற சிற்றாறு ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஊருக்குள் வெள்ளம் புகுந்ததால் அதை நிலத்தடிக்கு அனுப்பி மேலே மூடிவிட்டார்கள். ஆறு கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அதன் நடை போகவில்லை. தைத்தோ, புன்கியோ என்ற இரண்டு வட்டங்களுக்கும் எல்லை அன்று ஆறுதான். இன்று இந்தச் சந்துதான். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருந்தாலும் வெவ்வேறு நிர்வாகத்துக்கு வரி கட்டுகிறார்கள். தோட்டம் போட இடமில்லாத அந்த வீட்டு வாசல்களில் பூந்தொட்டிகள் வரிசை கட்டுகின்றன. மீன் வந்த தெர்மாகோல் பெட்டியிலும் மண் நிரப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். பொதுத் தெருவில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு வீட்டின் அன்பு வழிந்து கிடக்கிறது; யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

இங்கே இன்னொரு நயம், பழையதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பாங்கு. இருநூறாண்டுப் பாரம்பரியம் உள்ள காஷிவாயு என்ற பொதுக் குளியலகம் மூடப்பட்டபோது அதை இடிக்கவில்லை. 1993இல் அது நவீன ஓவியக்கூடமாயிற்று. ஓட்டுக் கூரையும், உயர்ந்த புகைபோக்கியும், வாசலில் குளிக்க வந்தவர்கள் செருப்பு வைத்த மரப் பெட்டிகளும் அப்படியே இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊரின் அருமையை எடுத்துச் சொன்னதில் ஒரு சிறு பத்திரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. மோரி மயூமியும் அவருடைய தோழிகளும் 1984இல் தொடங்கி 2009 வரை நடத்திய அந்த இதழில் முதியவர்களின் நினைவுகள், கடைகளின் கதைகள், மரங்களின் வரலாறு எல்லாம் ஏறின. யானகா, நெசு, செந்தாகி ஆகிய மூன்று பேட்டைகளையும் சேர்த்து ‘யானெசென்’ என்று இன்று எல்லாரும் சொல்வது அந்த இதழின் பெயரால் பரவிய வழக்கம்.

அடுத்தது ஜிம்போச்சோ, பழைய புத்தகங்களின் பேட்டை. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். யாசுகுனிச் சாலையில் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புத்தகக் கடைகள் பெரும்பாலும் சாலையின் தென்புறத்தில், வடக்கு நோக்கியே நிற்கின்றன. ஜப்பானில் சூரியன் பெரும்பாலும் தென்வானில் சாய்ந்தே செல்வதால், வடக்குப் பார்த்த கடைக்குள் நேர்வெயில் அதிகம் விழாது. புத்தக முதுகுகள் வெளுக்காது. 1923 தீயில் இந்தக் கடைகளும் சரக்கும் சாம்பலாயின. வணிகர்கள் திரும்பி வந்து அதே பக்கத்தில், அதே திசை பார்த்துக் கட்டினார்கள். இஸ்ஸெய்தோ கடை இம்முறை தீக்கு அஞ்சாத கான்கிரீட்டில் எழுந்தது. அந்த 1931ஆம் ஆண்டுக் கட்டடம் இன்றும் வியாபாரத்தில் இருக்கிறது. ஜப்பானின் பெரும் பதிப்பகமான இவானமியும் 1913இல் இங்கே ஒரு பழைய புத்தகக் கடையாகத்தான் பிறந்தது. பேரமே வழக்கமாயிருந்த காலத்தில், ஒட்டியிருக்கும் விலைதான் விலை என்று விற்ற கடை அது.

ஒரு புத்தகத்தைக் கையில் எடுங்கள். கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் உறை போட்டிருக்கும். அட்டையின் எழுத்து அதன் வழியே பனி மூடினாற்போலத் தெரியும். கடைசிப் பக்கத்தில் கடையின் பெயரும் விலையும் எழுதிய சிறு சீட்டு. ஒரு கடையில் நாடகமும் திரைப்படமும், ஒரு கடையில் எடோ காலத்து வரைபடங்கள், இன்னொன்றில் மலையேற்ற நூல்கள் மட்டும். தன்னிடம் இல்லாததை அடுத்த கடையில் கேளுங்கள் என்று வழிகாட்டும் பெருந்தன்மை இந்தப் பிரிவினையிலிருந்து வருகிறது. வாங்கிய புத்தகத்தைப் பிரிக்கப் பின்சந்துகளில் பழைய காப்பிக் கடைகளும், பேர்போன கறிச்சோற்றுக் கடைகளும் உண்டு.

காகுரசாகாவை ஓர் அந்திப் பொழுதில் பார்க்க வேண்டும். எடோ கோட்டையின் வெளி அகழியிலிருந்து ஏறும் சரிவு அது. காலையில் வண்டிகள் கீழ்நோக்கி மட்டும் போகலாம், பிற்பகலில் மேல்நோக்கி மட்டும். ஒருவழிப்பாதை நாள்தோறும் திசை மாறுகிறது. முதன்மைச் சாலையிலிருந்து விலகினால் கருங்கல் பாவிய சந்துகள். கெய்ஷா கலைஞர்களின் விடுதிகள் நிறைந்த இப்பகுதி 1945இல் எரிந்துபோனது. மீண்டும் கட்டியவர்கள் சந்துகளை அகலமாக்காமல் பழைய அளவிலேயே விட்டார்கள். சிறு சதுரக் கற்களை விசிறி விரித்தாற்போலப் பதித்திருக்கிறார்கள். கடை திறக்குமுன் கல்லில் நீர் தெளிப்பார்கள். ஈரக் கல்லில் விளக்கொளி நிற்கும். சில வாசல்களின் ஓரத்தில் விரல் உயரத்துக்குக் கூம்பாகக் குவித்த வெள்ளை உப்பு, தூய்மைக்கும் நல்வரவுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமான த்சுகுதா. ஒசாகாப் பக்கத்து மீனவர்களை ஆட்சியாளர் தொகுகாவா இயேயாசு எடோவுக்கு அழைத்துவந்தார். அவர்கள் 1640களில் சுமிதா ஆற்று முகத்தின் மணல்திட்டை மேடாக்கிக் குடியேறி, தங்கள் சொந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கடலுக்குப் போகும்போது கெடாமலிருக்கச் சிறுமீனையும் சிப்பியையும் உப்பும் சோயா சாறும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சினார்கள். அந்த த்சுகுதானி இன்று நாடெங்கும் சோற்றுக்குத் துணை. 1964இல் பாலம் வரும்வரை அக்கரைக்கு நேராகப் போகப் படகுதான். இன்று பின்னால் வானுயர் குடியிருப்புகள். முன்னால் ஓட்டுக் கூரை வீடுகள், ஒரு கால்வாய், சின்னச் சிவப்புப் பாலம். இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய இடுக்கில் ஜிசோ என்னும் போதிசத்துவருக்கு ஒரு சன்னிதி. அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு பெரிய ஜிங்கோ மரம் மேலே போகிறது. மரத்தை வெட்டாமல் அதற்கு வழிவிட்டுக் கூரையை வேய்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கால்வாயின் சேற்றுக்குள்தான் த்சுகுதாவின் பெரிய நயம் கிடக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் சுமியோஷி கோயில் பெருவிழாவில் ஊரைச் சுற்றி வானளாவிய கொடிகளை ஏற்றுவார்கள். அவற்றைத் தாங்கும் மரக் கம்பங்களைக் கிடங்கில் அடுக்குவதில்லை. கால்வாயின் அடிச்சேற்றில் புதைத்து வைக்கிறார்கள். காற்றுப் படாத சேற்றில் மரம் உளுக்காது, வெடிக்காது. இங்கே தோண்டக்கூடாது என்று கரையில் ஒரு பலகை. விழா நெருங்கும்போது ஊரார் இறங்கித் தோண்டி எடுத்து, கழுவி, நட்டு, விழா முடிந்ததும் மறுபடி புதைக்கிறார்கள். எங்கே, எந்த ஆழத்தில், எப்படி என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது.

பழமையைக் காப்பது என்றால் கட்டடத்தைச் சுற்றி வேலி போடுவது என்றே நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். தோக்கியோவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை; அதனால் அது பழமையை வேலையில் வைத்துக் காத்தது. வரி கட்டும் எல்லையாக ஓர் ஆற்று வளைவு, புத்தகம் வெளுக்காமலிருக்க ஒரு திசை, கொடி ஏற்ற ஒரு கம்பம். பயன்படும் வரை இவை அழியமாட்டா. உங்களுக்கு ஒரே ஒரு பிற்பகல்தான் கிடைக்கும் என்றால் த்சுகுதாவுக்குப் போங்கள். அரை மணியில் சுற்றிவிடலாம், பாதி நாளும் நிற்கலாம்.