ஒரே பாயில் இரு கைம்பெண்கள்: மரியாமா பாவின் நாவலை முன்வைத்து

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் (2:234) வகுத்த நெறி. அக்காலத்தையே ஒரு நாவலின் சட்டகமாக அமைத்தவர் செனகல் நாட்டு முஸ்லிம் எழுத்தாளர் மரியாமா பா (1929-1981). 1979இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, 1980இல் முதலாவது நோமா விருதைப் பெற்ற அந்நாவலின் பெயரை 'இத்தனை நீண்டதொரு கடிதம்' எனத் தமிழில் கூறலாம்.

ரமத்துலாய் ஓர் ஆசிரியை. பன்னிரண்டு மக்களின் தாய். கணவர் மோது ஃபால் மறைந்தபின் இத்தாவில் இருக்கும் அவள், இளமைத் தோழி ஐசாத்துவை விளித்து எழுதும் குறிப்புகளே நாவல். ஐசாத்து, தன் கணவர் இன்னொருத்தியை மணந்தபோது மணவாழ்வை முறித்துக்கொண்டு வாஷிங்டனில் பணிபுரிபவள். மோதுவும் ஐந்தாண்டுகளுக்கு முன்னர், தம் மகளின் தோழியான பினெத்துவை மணந்து முதற்குடும்பத்தைக் கைவிட்டவரே. ஆகவே ரமத்துலாயின் தனிமை, கணவர் உயிரோடிருந்தபோதே தொடங்கிவிட்டது. அந்நாள்களில் பேருந்தில் அல்லலுற்ற அவளுக்குக் கார் வாங்கித் தந்தவள் ஐசாத்து.

இந்நாவலை மார்க்கத்திற்கு எதிரானதெனக் கொள்வது மேலோட்டமான வாசிப்பு என்பது நம் கருத்து. மோதுவின் அண்ணன் தம்ஸீர் நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததுமே வந்து, இத்தா முடிந்தபின் அவளை மணந்துகொள்வதாக அறிவிக்கிறார். அவளது சம்மதத்தைக் கேட்பதும் இல்லை. அவள் சீற்றத்துடன் மறுக்கிறாள். இத்தாக் காலத்தில் மண விருப்பத்தைச் சாடையாகக் குறிப்பிடலாமேயன்றி உறுதி செய்துகொள்ளலாகாது என்கிறது 2:235. பெண்களை அவர்கள் விருப்பத்திற்கு மாறாக வாரிசுப் பொருளாக அடைவது கூடாது என்கிறது 4:19. ரமத்துலாயின் மறுப்பு இவ்விரு வசனங்களின் பக்கம் நிற்கிறது. மரபின் பெயரால் வந்தவரே அவற்றை மீறுகிறார். துக்கம் கேட்க வந்தோர் அளித்த பணத்தைக் கணவன் வீட்டார் எடுத்துச் செல்வதும் இத்தகைய வழக்கமே.

எனினும் நாவலின்மீது நமக்கொரு குறை உண்டு. துக்க நாள்களில் பினெத்துவும் அதே வீட்டில், ரமத்துலாயின் அருகிலேயே அமர்த்தப்படுகிறாள். முப்பதாண்டு மனைவிக்கும் ஐந்தாண்டு மனைவிக்கும் நாத்தனார்கள் ஒரே சடங்கைச் செய்கின்றனர். பினெத்து தாயின் பேராசைக்குப் பலியானவள், படிப்பை இழந்தவள், இப்போது இளம் கைம்பெண். இதனை ஆசிரியர் அறிவார், இரங்கவும் செய்கிறார். ஆனால் அவளுக்குத் தோழியுமில்லை, கடிதமுமில்லை. அவள் குரல் நம் செவியில் விழுவதே அரிது. கடல் கடந்து ஐசாத்துவை அடையும் சொற்கள், அருகில் அமர்ந்திருப்பவளை அடைவதில்லை.

ஃபராயிழ் கணக்கில், பிள்ளைகள் உள்ளவிடத்து மனைவிக்குரிய எட்டில் ஒரு பங்கை இரு மனைவியர் இருப்பின் இருவரும் சமமாகப் பகிர்வர் (4:12). ஷரீஅத் கூட்டாளிகளாக்கிய இருவரைச் சமூகம் பகைவராக்கியது. நாவலாசிரியராலும் அப்பகையைக் கடக்க இயலவில்லை. மீராஸ் என்னும் சொத்துப் பிரிவினையைத் தன் வாழ்வின் கணக்குத் தீர்ப்பாகவே விரித்துக்கொண்ட ரமத்துலாய், அக்கணக்கில் பினெத்துவின் இழப்பைத் தனியே எழுதவில்லை. பழிவாங்கும் நோக்கமின்றி, காயம் ஆறாத மனத்தின் எல்லையை நேர்மையாகக் காட்டியதெனவும் இதனைக் கொள்ளலாம். அவ்வாறு கொண்டாலும் குறை குறையே.

கைம்பெண்களுக்காகப் பாடுபடுபவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கை நாம் பெரும்பாலும் பண உதவியாகவே பொருள்கொள்கிறோம். நம் ஊர்களிலும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுடன் வருகையாளர் குறைந்துவிடுகின்றனர். இத்தாவிலோ இன்னும் தொண்ணூறு நாள்கள் எஞ்சியுள்ளன. அந்நாள்களில் ஒரு கைம்பெண்ணின் பேச்சைக் கேட்க, அந்நிலையைக் கடந்த இன்னொருத்தியே தகுதியுடையவள். ஐசாத்து வந்து சேர்வாள் என்னும் எதிர்பார்ப்புடன் நாவல் முடிகிறது. பினெத்துவிடம் யார் செல்வது என்னும் வினா, வாசகராகிய நம்மிடம் எஞ்சுகிறது.