கதை கேட்கிறார்கள், கருத்துக் கேட்பதில்லை

1986இல் சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். இந்தியாவில் இந்தக் கிருமி நுழைந்துவிட்டது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அடுத்து நடந்தவற்றில் மருத்துவத்தைவிடக் காவல்துறையின் கைதான் ஓங்கியிருந்தது. கிருமி இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. 1989இல் கோவாவில், இரத்ததானம் செய்யப்போன டொமினிக் டிசூசாவுக்குக் கிருமி இருப்பது தெரிந்ததும், பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி 64 நாள் தனிமையில் பூட்டி வைத்தார்கள்.

நோயாளியைக் கேட்காமலே அவருக்காக முடிவெடுக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நோய் காட்டியது. அதை மாற்ற முடியும் என்று காட்டியதும் இதே நோய்தான். நோயாளிகளையும் குடும்பத்தாரையும் கலந்தே மருத்துவ சேவையை வடிவமைக்க வேண்டும் என்று இன்று பல கொள்கை ஆவணங்கள் சொல்கின்றன. இந்தியாவில் வேறெந்த நோயாளிகளையும்விட அதிகமாக அதைச் செய்து பார்த்தவர்கள் எச்.ஐ.வி. உள்ளோர். அந்த நடைமுறை எங்கே பலித்தது, எங்கே வெறும் சடங்கானது என்பதை அவர்களுடைய அனுபவத்தை வைத்து எடைபோடுவதே நியாயம்.

1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள், எங்களைப் பற்றிய முடிவுகளில் எல்லா மட்டத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் சாரம். 1994இல் பாரிஸில் 42 நாடுகள் இதை ஒரு கொள்கையாக ஏற்றன. சென்னையில் 1997இல் எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்திய வலையமைப்பும், 1998இல் பெண்களுக்கென்று தனியாக பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கும் தோன்றின. பின்னதைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. மருந்தே கைக்கெட்டாத காலம் அது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறோம் என்று சிப்லா நிறுவனம் அறிவித்தது 2001இல்தான். ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு 2004 ஏப்ரலில் இலவசமாகத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் சானடோரியம் இருந்தது.

நோயாளி அமைப்புகளின் ஆகப்பெரிய சாதனை எந்த ஆலோசனைக் கூட்டத்திலும் நிகழவில்லை. அது காப்புரிமை அலுவலகத்தில் நிகழ்ந்தது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே எவர் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. போட்டி நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த அந்த வாசலில் நோயாளிகள் நுழைந்தார்கள். இரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்துக்கு நோயாளிகள் சார்பில் ஒரு புற்றுநோய் உதவி அமைப்பும் ஆட்சேபம் எழுப்பியிருந்தது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013இல் அந்த நிலைப்பாட்டை உறுதிசெய்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் நெவிரபின் சிரப்புக்குக் காப்புரிமை கேட்டபோது எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள் எதிர்த்தன. அந்த விண்ணப்பமும் 2008இல் தோற்றது. 2023இல் காசநோய் மாத்திரையான பெடாகுவிலினின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்த முயற்சி முறியடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவும். பழைய காசநோய் ஊசிகளால் செவித்திறனை இழந்தவர்கள் இருவரும். ஊசி இல்லாத சிகிச்சை ஏன் வேண்டும் என்று அவர்களைவிட உறுதியாகச் சொல்ல யாரால் முடியும்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காப்புரிமை அலுவலகம் நோயாளிகளிடம் பரிவு காட்டியதால் இது நடக்கவில்லை. ஆட்சேபம் வந்தால் அதைக் கேட்டாக வேண்டும், முடிவுக்கான காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் அந்த அலுவலகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுகாதாரத் துறையின் கலந்தாய்வுக் கூட்டத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. நோயாளிப் பிரதிநிதி பேசுவார், குறிப்பெடுப்பார்கள், தேநீர் வரும். அவர் சொன்னதை ஏற்றார்களா, தள்ளினார்களா, ஏன் என்று யாரும் அவருக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது, அந்தக் கூட்டங்களில் அவர்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது. எப்படித் தொற்றியது, வீட்டில் எப்போது தெரிந்தது, கணவர் எப்படி இறந்தார் என்று ஒரு பெண்ணை மேடையேற்றிக் கேட்பார்கள். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். அது முடிந்ததும் மருந்துக் கொள்முதல், பணியிடம், நிதி ஒதுக்கீடு பற்றிய அமர்வு தொடங்கும். அதில் அந்தப் பெண்ணுக்கு இடமிருக்காது. பத்தாண்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு எந்தக் கூட்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கிறது, எது கைகால் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒடுக்கி நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்பதெல்லாம் தெரியும். வெளியூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்து, ஒரு நாள் கூலியை விட்டு, மாத மருந்து வாங்கிப் போவதன் செலவும் தெரியும். அவ்வளவு அறிவை வைத்திருப்பவரிடம் துயரத்தை மட்டும் கேட்டு வாங்குவதை நான் பங்கேற்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குடும்பத்தைப் பற்றியும் பேச வேண்டும். நோயாளிகளும் குடும்பத்தாரும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எச்.ஐ.வி. விஷயத்தில் பல நேரங்களில் இவ்விரு தரப்பும் எதிரெதிராக நின்றிருக்கின்றன. கணவனால் தொற்று வந்த பெண்ணை, அவன் இறந்ததும், மகனைக் கொன்றவள் என்று பழித்து மாமியார் வீடு துரத்தியது. சொத்தையும் தர மறுத்தது. அந்தக் குடும்பத்தையே அழைத்து உட்காரவைத்து, சேவையை எப்படி அமைக்கலாம் என்று கேட்டால் என்ன பதில் வரும்? திருமணத்துக்கு முன் கட்டாயப் பரிசோதனை வேண்டும் என்று கேட்கும் பெற்றோரின் கவலை உண்மையானதுதான். ஆனால் அதை அப்படியே சட்டமாக்கினால் பரிசோதனைக்கு வருபவர்கள் மறைந்து போவார்கள். குடும்பத்தின் குரலைக் கேட்பதும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நோயாளியின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

அதே நேரம், குடும்பத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள் பேசினால் சட்டம் எவ்வளவு நுட்பமாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நாடு முழுவதும் பாதிக்கப்பட்டோரைக் கலந்து லாயர்ஸ் கலெக்டிவ் என்ற வழக்கறிஞர் அமைப்பு வரைவைத் தயாரித்து, பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2017இல் நிறைவேறிய எச்.ஐ.வி. சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பெற்றோரால் பொறுப்பேற்க முடியாத வீட்டில், 12 முதல் 18 வயதுக்குள் இருக்கும் அக்காவோ அண்ணனோ, போதிய முதிர்ச்சி இருந்தால், தம்பி தங்கைக்குக் காப்பாளராகச் செயல்படலாம். பள்ளிச் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும் கையெழுத்துப் போடப் பெரியவர் எவரும் இல்லாத வீடுகள் இருக்கின்றன என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இப்படியொரு பிரிவு தோன்றும். அதே சட்டம் இலவச சிகிச்சையை வாக்களிக்கும் இடத்தில் ‘இயன்ற அளவு’ என்ற சொற்களைச் சேர்த்து உரிமையைத் தளர்த்திவிட்டது. அமைப்புகள் கடுமையாக ஆட்சேபித்தும் அது நீங்கவில்லை. பணம் செலவாகும் இடத்தில் பங்கேற்பின் எல்லை வந்துவிட்டது.

அமைப்புகளுக்குள்ளும் குறைகள் உண்டு. முகம் காட்டிப் பேசத் துணிபவர்கள் எப்போதும் சிலரே. அவர்களே ஆண்டுக்கணக்கில் எல்லாக் கூட்டங்களுக்கும் போகிறார்கள். திருநங்கையர், ஊசி வழி போதை மருந்து பழகியவர்கள், ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆகியோரின் தேவை வேறு. அவர்களையும் ஒரே பிரதிநிதியின் பெயரில் அடக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டு நிதியும் அரசு நிதியும் வந்தபோது மாவட்ட அமைப்புகள் திட்ட அலுவலகங்களாயின. சிகிச்சையை விட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்து மையத்துக்குத் திரும்ப அழைத்து வருவது முக்கிய வேலையானது. அது நல்ல வேலை, உயிர் காத்த வேலை. சக நோயாளியே வீடு தேடி வந்து பேசியதால் மருந்துக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 2020 ஊரடங்கின்போது மருந்தை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்ததிலும் இவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் மதிப்பூதியம் தரும் துறையையே எதிர்த்து, மருந்து ஏன் தீர்ந்தது என்று கேட்பது மாத ஊதியத்தில் வாழும் ஒருவருக்கு எளிதல்ல. அந்தக் கேள்வியை வெளியே நிற்பவர்களே கேட்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் நோயாளிகள் அமர்ந்ததை அதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ஒரு மாதத்துக்குத் தர வேண்டிய மாத்திரையைச் சில நாளுக்கு மட்டும் தருகிறார்கள் என்றார்கள் அவர்கள். கையிருப்பு போதிய அளவு இருக்கிறது என்றது அரசுத் தரப்பு. குழுக்களில் நோயாளிப் பிரதிநிதிகள் இருந்தும், கையிருப்புக் கணக்கு அவர்கள் கைக்கு எட்டவில்லை என்றால், அந்தக் குழு எதற்கு?

இந்த நடைமுறையைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்குப் பல் வேண்டும் என்கிறேன். பிரதிநிதி சொன்ன யோசனைக்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் தரப்பட வேண்டும். கூட்டத்துக்கு வந்துபோகும் செலவோடு அன்றைய கூலியையும் கொடுக்க வேண்டும். பிரதிநிதியின் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும். திட்டத்தில் ஊதியம் பெறுபவரும் திட்டத்தைக் கண்காணிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. மாவட்டவாரியாக மருந்துக் கையிருப்பை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

அவசரமும் இருக்கிறது. 2004இல் முப்பது வயதில் தாம்பரத்தில் மருந்து தொடங்கியவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்வு என்று அவர் இனி பொது மருத்துவமனையின் எல்லாப் பிரிவுகளுக்கும் போவார். ஏ.ஆர்.டி. மையத்தில் அவருக்குப் பழகிய ஆலோசகர் இருக்கிறார், சக நோயாளிகள் இருக்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவிலும் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் அப்படி யாரும் இல்லை. அங்கே படுத்திருக்கும் மற்ற நோயாளிகளுக்கும் தங்களுக்கென்று ஓர் அமைப்பு பெரும்பாலும் இல்லை. இந்தப் பிரிவுகளில் அவரை எப்படி நடத்துவது, அவருடைய இரகசியத்தை எப்படிக் காப்பது என்று விதிகள் எழுதும் குழுக்களில் அவர் முதல் கூட்டத்திலிருந்தே உறுப்பினராக இருக்க வேண்டும். முடிவுகளுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.