அதங்கோட்டாசான் இடத்தில் யார்?

கூட்டத்தில் கதை வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். பதினைந்து நிமிஷம். நம்மவர்கள் பெரும்பாலும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். தயாரிப்பெல்லாம் நடிகர்கள் சமாச்சாரம். எழுதினவனுக்குத் தன் கதையை வாசிக்கத் தெரியாதா என்ன? தெரியாது என்பதுதான் என் வாதம். அச்சில் இருக்கும் பிரதி பல தீர்மானங்களை எடுக்காமலே தப்பித்து நிற்கிறது. வாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

தமிழ் எழுத்து பேச்சொலியை முழுசாகக் காட்டுவதில்லை. 'வந்தான்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடும். 'பழம்' என்று அச்சடித்துவிட்டால் பயம், பளம், பலம் என்று சொல்கிற எல்லா வாய்களையும் அது மூடிவிடுகிறது. மைக் முன்னால் நின்றால் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இதை வெறும் உச்சரிப்புப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. எந்த ஒலி 'சுத்தம்', எந்த ஒலி 'கொச்சை' என்று தீர்மானித்து வைத்திருக்கும் ஒரு அதிகாரம் அந்த அரங்கில் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நம் கதைகளில் கணிசமானவை இரண்டு தமிழில் ஓடுபவை. கதைசொல்லிக்கு எழுத்துத் தமிழ், பாத்திரத்துக்குப் பேச்சுத் தமிழ். பக்கத்தில் இந்தப் பிரிவினையை மேற்கோள்குறி பார்த்துக்கொள்கிறது. வாசிக்கும்போது என்ன நடக்கிறது? கதைசொல்லி வானொலிச் செய்திபோலத் திருத்தமாகப் பேசுகிறார். நடவு வயலில் நிற்கிற பெண் வாய் திறந்ததும் குரல் மாறுகிறது, இழுக்கிறது, ஏறுகிறது. சபை சிரிக்கிறது. அவள் சொன்னதில் வேடிக்கை ஏதுமில்லை, கூலி கேட்டிருக்கிறாள். சிரிப்பு அவள் நாக்கைப் பார்த்து வந்தது. சென்னைச் சேரிப் பேச்சை ரௌடிக்கும் காமெடியனுக்கும் ஒதுக்கிவைத்துப் பல காலம் நம் காதுகளைப் பழக்கியது சினிமா. அந்தக் காதுகள்தான் இலக்கியக் கூட்டத்துக்கும் வருகின்றன. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' இந்தப் பிரிவினைக்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே சொல்பவளும் அதே மொழியில்தான் சொல்கிறாள். இறங்கிப்போய்ப் பேச ஒரு கீழ்த்தளம் கிடையாது.

தன் கதையைத் தானே வாசித்தவர்களில் பெரிய பெயர் டிக்கன்ஸ். 1858 முதல் டிக்கெட் போட்டு வாசித்தார். அச்சுப் புத்தகத்தை அப்படியே கொண்டுபோகவில்லை. வாசிப்புக்கென்று தனிப் பிரதி தயாரித்தார். பத்திகளை வெட்டினார், அடிக்கோடிட்டார், எங்கே நடுங்குவது, எங்கே திரும்பிப் பார்ப்பது என்று ஓரத்தில் குறித்துவைத்தார். வாசிப்புப் பிரதி என்பது வேறொரு பிரதி என்பதை அவரிடம் கற்கலாம். ஆனால் ஒரு இடத்தில் நிற்கவேண்டியிருக்கிறது. 'என்றான்', 'என்றாள்' வகையறாக்களை அவர் நிறைய நீக்கினார். குரலே ஆளைக் காட்டிவிடும், அவர் நடித்துவிடுவார். நமக்கு இது ஆகாது. 'என்றாள்' போய்விட்டால் அவளை நடித்துக் காட்டியே தீரவேண்டும். நிலமுள்ள சாதியில் பிறந்த ஒருவன், கூலிக்கார அம்மாவின் குரலை மேடையில் போட்டுக்காட்டுவது என்ன மாதிரிக் காரியம்? 'என்றாள்' இருக்கட்டும். சொல் அவளுடையது, வாய் என்னுடையது என்று அது ஒவ்வொரு தடவையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியை மறைப்பதுதான் மோசடி.

ஆகவே நான் செய்வது இவ்வளவுதான். கதையை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வேன். என் வேகத்துக்கு நிமிஷத்துக்கு நூறு சொல் தாண்டாது. பதினைந்து நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு. வர்ணனைகளில் பாதி போய்விடும். போகட்டும். அவள் பேச்சைத் தொடமாட்டேன். குரலை மாற்றாமல், இழுக்காமல், அவள் சொற்களை அவற்றின் வேகத்திலேயே வாசிப்பேன். மாற்றவேண்டியது கதைசொல்லியின் தமிழைத்தான். அவர் கொஞ்சம் இறங்கி வரட்டும். 'கூறினாள்' என்பதைச் 'சொன்னாள்' ஆக்கினால் இலக்கியம் ஒன்றும் செத்துப்போகாது.

இதைவிட முக்கியமானது, ஒத்திகை யார் முன்னால் என்பது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அரங்கேறியது என்கிறது பாயிரம். அங்கே கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான். நான்மறை கற்றவர் என்று அவருக்கு அடையாளமும் தருகிறது. நூல் சபையேறும் முன் யாருக்குக் குறுக்கே பேசும் உரிமை இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது. இன்றைய கூட்டங்களில் அந்த உரிமையும் இல்லை. சால்வை இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது. ஆனால் நம் மக்களிடம் வேறொரு மரபு உண்டு. வீட்டுத் திண்ணையில் கேட்பவர் 'உம்' கொட்டாவிட்டால் கதை நகராது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடவேண்டும். அந்த 'உம்' நின்றுபோகும் இடத்தில் கதையில் ஏதோ கோளாறு என்று சொல்பவருக்குத் தெரிந்துவிடும்.

கதையில் வருகிற பெண்ணின் தெருவில், அவளைப் போன்ற நாலு பேர் முன்னால் முதலில் வாசியுங்கள். 'இப்படி ஆரு பேசுவா?' என்று கேட்பார்கள். 'கூலிய வாங்காம அவ எதுக்கு அழுவுறா?' என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு உச்சரிப்பைத் திருத்திவிடலாம். இரண்டாவது கேள்விக்குக் கதையையே திருத்தவேண்டிவரும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் மேடைக்குத் தயாராவதில் அர்த்தமில்லை. அவர்கள் முன்னால் வாசிக்கவே முடியாத கதை என்றால், அதை நகரத்து அரங்கில் வாசித்துக் கைதட்டு வாங்குவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?