அடையாளமும் காரணமும்

ஒரே சந்தையில் சில பங்குகள் நெடுங்காலம் மிகுந்த ஆதாயம் தர, வேறு சில ஏன் பின்தங்குகின்றன? 1964இல் வில்லியம் ஷார்ப் அளித்த விடை சுருக்கமானது. ஒரு பங்குக்கே உரிய ஏற்ற இறக்கத்தைப் பல பங்குகளைச் சேர்த்து வைத்துத் தணித்துவிடலாம். அதற்கு வெகுமதி இல்லை. மொத்தச் சந்தையின் அசைவோடு அப்பங்கு எவ்வளவு சேர்ந்தசைகிறது என்பதே கணக்கு. அவ்வளவுக்குப் பீட்டா என்று பெயர்.

இடரற்ற வட்டிக்கு எவரும் கடன் பெறலாம் என்ற அனுமானம் இதில் இருப்பதால், நம்மவருள் சிலர் படியாமலேயே ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வனுமானம் இன்றியும் கோட்பாடு நிற்கும் என 1972இல் ஃபிஷர் பிளாக் காட்டினார். (அதற்கு ஈடாக அவர் கோரியது, கைவசமில்லாத பங்கைத் தடையின்றி விற்கும் வசதி. அதுவும் ஃபுகஹாக்களுக்கு உவப்பானதன்று!) எனினும், கோட்பாட்டின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது.

யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1963 முதல் 1990 வரையிலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிறுவனத்தின் அளவைக் கணக்கில் கொண்டபின் பீட்டாவுக்கும் சராசரி ஆதாயத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. சிறிய நிறுவனங்களும், ஏட்டு மதிப்போடு ஒப்பிடச் சந்தையில் மலிவாக விலைபோனவையுமே அதிகம் ஈட்டியிருந்தன. மறு ஆண்டில் இவ்விரண்டையும் சந்தையோடு சேர்த்து மூன்று காரணிகள் என்றனர்.

அவர்களின் நேர்மையான கணக்கீட்டை நாம் மதிக்கிறோம். ஆயினும், மலிவான பங்கு அதிகம் ஈட்டியது. ஆகவே அதில் ஏதோ இடர் மறைந்திருக்க வேண்டும் என்னும் வாதம், நிறுவ வேண்டியதையே ஆதாரமாகக் கொள்கிறது. உசூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் இல்லத்தையும் அலாமத்தையும் பிரித்தறிவர். மதுவில் நுரை எப்போதும் காணப்படலாம். தடைக்கு இல்லத் போதையே. மலிவு என்பது நுரையா, போதையா? 1994இல் லக்கோனிஷோக், ஷ்லைஃபர், விஷ்னி ஆகிய மூவர், மலிவுப் பங்குகளின் ஆதாயத்துக்கு இடர் காரணமன்று, பகட்டான நிறுவனங்களுக்கு மக்கள் மிகைவிலை கொடுக்கும் மயக்கமே காரணம் என்றனர். ஒரே அடையாளத்துக்கு இரு காரணங்கள்!

அண்மை மாதங்களில் ஏறிய பங்கு மேலும் ஏறும் போக்கை ஜெகதீஷும் டிட்மனும் 1993இல் எடுத்துக்காட்டினர். மூன்று காரணிகள் அதனை விளக்கவில்லை என்பதை ஃபாமாவும் ஃபிரெஞ்சுமே 1996இல் ஒப்புக்கொண்டனர். 2015இல் காரணிகளை ஐந்தாக்கியபோதும் அதற்கு இடம் தரவில்லை. 2016இல் ஹார்வியும் அவர்தம் கூட்டாளிகளும் எண்ணியபோது, ஆய்வேடுகளில் முன்னூறுக்கும் மேற்பட்ட காரணிகள் குவிந்திருந்தன. பல தற்செயலாகக் கிட்டியவை என்று கருதிய அவர்கள், புதிய காரணிக்குரிய புள்ளியியல் வரம்பை 2இலிருந்து 3ஆக உயர்த்தக் கோரினர். கோரிக்கை நியாயமானதே. ஆனால் அவ்வரம்பு சோதிப்பது அடையாளம் மெய்யா என்பதை மட்டுமே. இல்லத் எது என்னும் வினாவை அது தொடுவதில்லை.