யாருக்குச் சங்கேதம்?

ஜான் வூவின் ‘விண்ட்டாக்கர்ஸ்’ (2002) படத்தில் வயர்லெஸ்சில் பேசுகிறவன் நவஹோ சிப்பாய். கதை என்னவோ அவனுக்குக் காவல் நிற்கும் வெள்ளைக்காரனுடையது. சங்கேதத்தைக் காப்பாற்று, ஆள் போனால் போகட்டும் என்பது காவல்காரனுக்கு உத்தரவு. அறியாமலே படம் உண்மையை உளறிவிடுகிறது என்பேன்.

உறைவிடப் பள்ளிகளில் நவஹோ பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவிய அதே அரசு, 1942இல் அந்த மொழியைத் தேடி வந்தது. முதலில் 29 பேர். போர் முடிவதற்குள் சுமார் 400 பேர். உருளைக்கிழங்குன்னா கையெறி குண்டு, ஆமைன்னா டாங்கி, இரும்பு மீன்னா நீர்மூழ்கி. 1968 வரை வெளியே மூச்சு விடக்கூடாது. நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் ஓட்டுரிமை வந்ததே 1948இல்தான்.

இதை மொழிக்குக் கிடைத்த மரியாதைன்னு கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் குற்றமாக இருந்த புரியாமை போரில் ஆயுதமானது, அவ்வளவுதான். அதிகாரத்துக்கு வேண்டியிருந்தது பேச்சு, பேசுகிறவன் அல்ல.